வாசகர் கேட்டவை: கனடாவின் வதிவிடப் பாடசாலைகளும் பேரப்பிள்ளைகளும்

சென்ற இதழில் செப்டெம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த, அரசு பணம் கொடுத்துத் தேவாலயங்கள் நடத்திய வதிவிடப் பாடசாலைகளை நினைவுகூரும் நாள் அது. அதையொட்டி வந்த கேள்விகள் வழக்கமான ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதனால் இந்தமுறை பகுதி முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

நானும் ஊரில் விடுதியில் தங்கித்தான் படித்தேன். பிரம்படி வாங்காத பிள்ளையே அங்கே இல்லை. அதனால் என் குடும்பம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இங்கே மட்டும் இதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? (ஸ்கார்பரோ வாசகர்)

உங்களை விடுதியில் சேர்த்தது உங்கள் வீட்டார். ஒத்துவராவிட்டால் அடுத்த தவணைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே அந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. 1920இல் இந்தியர் சட்டம் (கனடாவின் முதற்குடிகளை அப்போது 'இந்தியர்' என்றார்கள்; அவர்களை ஆளும் மத்திய சட்டம் இது) திருத்தப்பட்டபோது, 7 முதல் 15 வயது வரையான முதற்குடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பாடசாலைக்கு அனுப்பவைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. அனுப்ப மறுத்த பெற்றோருக்குத் தண்டம், சிறை. அதற்கு முன்பே, 1885க்குப் பிறகு, மேற்குச் சமவெளிகளில், முதற்குடிகளுக்கென்று அரசு வரையறுத்த ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு வெளியே போக அரச முகவரிடம் அனுமதிச்சீட்டு வாங்கவேண்டிய நிலை இருந்தது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. இருந்தும் நடைமுறையில் இருந்தது. பிள்ளையைப் பார்க்கப் போக நினைத்த தாய்க்கும் சீட்டு வேண்டும்.

மொழியிலும் வேறுபாடு இருக்கிறது. நீங்கள் விடுதியில் பேசிய மொழியைத்தான் விடுமுறைக்கு வந்தபோது உங்கள் அம்மாவிடமும் பேசினீர்கள். இந்தப் பாடசாலைகளின் நோக்கமே அந்தத் தொடர்பை வெட்டுவதுதான். அமெரிக்காவின் தொழிற்பள்ளிகளைப் பார்த்துவந்த நிக்கலஸ் ஃபிளட் டேவின் 1879இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1883இல் பிரதமர் மக்டோனால்டின் அரசு மேற்கில் இவற்றை நிறுவத் தொடங்கியது. பிள்ளை பெற்றோரோடு இருந்தால் அவர்களைப்போலவே வளரும், ஆகவே பிரிக்கவேண்டும் என்பது அப்போது ஒளித்துப் பேசப்பட்ட விடயமல்ல, நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்ட கொள்கை.

மூன்றாவது வேறுபாடு, பலரும் கவனிக்காதது, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 1892 முதல் அரசு, பாடசாலைகளை நடத்திய தேவாலயங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. கட்டில் காலியாக இருந்தால் பணம் குறையும். அதனால் காசநோய் உள்ள பிள்ளையையும் சேர்த்தார்கள். காற்றோட்டமில்லாத கூடங்களில் கட்டிலோடு கட்டிலாகப் படுக்கவைத்தார்கள். இந்திய விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இல் எழுதிய அறிக்கையில், 15 பாடசாலைகளில் சேர்ந்த 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இறந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினார். ஒரு பாடசாலையில் அது 69 வீதம். காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள், நோயுற்றவர்களைப் பிரித்துவையுங்கள் என்றார். செலவைச் சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

பிரம்படியை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடைசிப் பாடசாலை மூடி ஏறக்குறைய முப்பது வருடமாகிறது. அங்கே படிக்காத பேரப்பிள்ளைகளுக்கு எப்படிப் பாதிப்பு வரும்? (மார்க்கம் வாசகி)

1996இல் சஸ்காச்சுவானில் கோர்டன் பாடசாலையும், 1997இல் ரங்கின் இன்லெட்டில் கிவாலிக் விடுதியும் மூடப்பட்டன. 1830களிலிருந்து பார்த்தால் ஐந்தாறு தலைமுறை. முதற்குடிகள், மெட்டி (முதற்குடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்த கலப்பு வழியினர்), இனுயிட் (வடதுருவப் பகுதி மக்கள்) என்ற மூன்று பூர்வகுடிப் பிரிவுகளின் பிள்ளைகள் ஏறக்குறைய 1,50,000 பேர் இவற்றுக்குள் போய்வந்தார்கள்.

பிள்ளை வளர்ப்பை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. இரவு பயந்து எழும்பும் குழந்தையை எப்படித் தூக்குவது, பொய் சொன்ன பிள்ளையை எதுவரை கண்டிப்பது, கோபம் வந்தால் எந்த இடத்தில் கையை இழுத்துக்கொள்வது என்பதெல்லாம் எங்களை வளர்த்தவர்களிடமிருந்து தெரியாமலே எங்களுக்குள் ஏறியவை. ஆறு வயதில் உள்ளே போய்ப் பதினாறில் வெளியே வந்த ஒருவருக்கு அந்தப் பத்து வருடத்தில் என்ன ஏறியிருக்கும்? மணி அடித்தால் எழும்பு, மணி அடித்தால் சாப்பிடு, மணி அடித்தால் முழந்தாளிடு. உடுப்பில் தைத்த இலக்கம்தான் பெயர். அண்ணன் ஒரு கூடத்தில், தங்கை இன்னொரு கூடத்தில். சாப்பாட்டு அறையில் எதிரே இருந்தாலும் பேசக்கூடாது. 1950கள் வரை பெரும்பாலான இடங்களில் அரைநாள்தான் வகுப்பு. மற்ற அரைநாள் மாட்டுத் தொழுவம், சலவைக்கூடம், சமையலறை, விறகு. அழுதால் தண்டனை, ஆகவே அழக்கூடாது என்பதுதான் முதலில் கற்ற பாடம்.

அந்த ஆள் தாயாகும்போது பிள்ளைமேல் அன்பு இல்லாமல் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்பதை யாரும் அவருக்குக் காட்டவில்லை. முன்பு பிள்ளையை அடிக்கும் வழக்கமே இல்லாத பல சமூகங்களுக்குள் தோல்வார் இந்தப் பாடசாலைகள் வழியாக நுழைந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஏராளம். அதில் ஒரு பகுதி மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் செய்தது. பிறகு இருவரும் அதே சிறிய ஊருக்குத் திரும்பி, அதே கடையில், அதே ஈமச்சடங்கில் முகம் பார்த்து வாழவேண்டும். நினைவை அடக்க மது. மதுவின் காரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அப்பா ஏன் தொடவே விடமாட்டார், அம்மம்மா ஏன் ரொட்டியைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைக்கிறார் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. விளைவைப் பார்த்துக் காரணத்தைப் பார்க்காத பிள்ளை, பிழை தன்னில்தான் என்று நினைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளி ஆண்டு செப்டெம்பரில் தொடங்கி ஜூனில் முடியும். வடக்கில் இலையுதிர் கால வேட்டை, பனிக்காலப் பொறிவைப்பு, வசந்தத்தில் வாத்து வருவது எல்லாம் அந்தப் பத்து மாதத்துக்குள்தான். எனவே பிள்ளை கோடையில் வீட்டுக்கு வந்தாலும், பிழைப்புக்கான கல்வி நடக்கும் பருவம் முழுவதும் அது வெளியே. திரும்பிவந்த இளைஞருக்குக் காட்டிலும் வேலை தெரியாது. அரைநாள் வகுப்பில் படித்த படிப்புக்கு நகரத்திலும் வேலை கிடைக்காது.

ஊரில் மிஞ்சியவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. செப்டெம்பரில் ஒரு கிராமத்தில் ஆறு வயதுக்கு மேல் பிள்ளையே இல்லை என்று நினைத்துப் பாருங்கள். கதை சொல்லக் கிழவி இருக்கிறார், கேட்க ஆளில்லை. பெற்றோர் என்ற வேலையையே அவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. ஏமி பாம்பே முதலானோர் ஒதுக்கீட்டு நிலங்களில் வாழும் முதற்குடியினரிடம் செய்த ஆய்வுகளில், பெற்றோர் வதிவிடப் பாடசாலையில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பெற்றோரும் பாட்டன் பாட்டியும் என இரு தலைமுறை போயிருந்தால் மன உளைச்சல் இன்னும் கூடியது. இதைக் கேட்டவுடன் சிலர் இரத்தத்தில் ஊறிய சாபம்போலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடர்வது பெரும்பாலும் சூழ்நிலை: நெரிசலான வீடு, குடிக்க முடியாத தண்ணீர், அடுத்த கேள்வியில் வரும் விடயம்.

சமூகப்பணி படிக்கிறேன். வளர்ப்பு வீடுகளில் உள்ள பிள்ளைகளில் பாதிக்குமேல் பூர்வகுடிகள் என்று விரிவுரையில் சொன்னார்கள். இதற்கும் பாடசாலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டா? (பிராம்டன் மாணவி)

உண்டு. அதிலும் சட்டப் பிரிவு எண்ணோடு சொல்லக்கூடிய தொடர்பு. 1951இல் இந்தியர் சட்டத்தில் புதிதாக வந்த ஏற்பாடு, இன்று 88ஆம் பிரிவு, மாகாணச் சட்டங்கள் ஒதுக்கீட்டு நிலங்களிலும் செல்லும் என்றது. சிறுவர் நலச் சட்டம் அந்த வாசலால் உள்ளே வந்தது. பாடசாலைகள் மெல்ல மூட, சமூகப்பணியாளரின் கார் வரத் தொடங்கியது. ஒரே அறையில் பலர் தூங்குகிறார்கள், குளிர்ப்பெட்டி இல்லை, பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது என்பதெல்லாம் 'பராமரிப்பின்மை' என்று எழுதப்பட்டது. 'அறுபதுகளின் அள்ளல்' என்று இப்போது சொல்லப்படும் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேற்றினக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள், அமெரிக்காவுக்குக்கூட.

2016 கணக்கெடுப்பில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 வீதம், வளர்ப்பு வீடுகளில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளில் 52.2 வீதம். 2021இல் அது 53.8 ஆனது. முதற்குடிப் பிள்ளைகள் எடுக்கப்படுவதற்கு முதன்மைக் காரணமாகப் பதிவாவது அடி உதை அல்ல, பராமரிப்பின்மை. பெரும்பாலும் அதற்குள் ஒளிந்திருப்பது வறுமை.

பணம் எப்படி ஓடியது என்பதைக் கவனியுங்கள். சிறுவர் நல முகவரகங்கள் பிள்ளையை எடுத்தால் ஆகும் செலவை மத்திய அரசு முழுதாகத் திருப்பிக் கொடுத்தது. குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் தடுப்புப் பணிக்கோ மட்டுப்பட்ட தொகைதான். முதற்குடிப் பிள்ளைகளின் உரிமைகளுக்காகப் போராடும் சிண்டி பிளாக்ஸ்டொக் முன்னின்று நடத்திய வழக்கில் 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைகள் தீர்ப்பாயம் இதைப் பாகுபாடு என்று தீர்த்தது. 1892இன் தலைக்குத் தலை கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுதிய கை ஒன்றோ என்று தோன்றும்.

பணிக்குப் போகும் உங்களுக்கு உதவக்கூடியது 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த, முதற்குடி, இனுயிட், மெட்டி பிள்ளைகள் பற்றிய மத்திய சட்டம். மூன்று பிரிவுகளை மனப்பாடம் செய்யலாம். 14ஆவது, பிள்ளையை எடுப்பதற்குமுன் தடுப்புச் சேவைக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. கருவுற்ற தாய்க்கான உதவியும் அதில் அடங்கும். 15ஆவது, வறுமை, வீட்டு வசதிக் குறைவு, பெற்றோரின் உடல்நிலை ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையை எடுக்கக்கூடாது என்கிறது. 16ஆவது, எடுத்தே ஆகவேண்டுமென்றால் யாரிடம் வைப்பது என்ற வரிசை: முதலில் பெற்றோரில் ஒருவர், பிறகு குடும்பத்தின் வேறொரு பெரியவர், பிறகு அதே சமூகத்தவர், பிறகு வேறொரு பூர்வகுடிச் சமூகத்தவர், கடைசியில்தான் மற்றவர்கள். உடன்பிறந்தவர்களைச் சேர்த்தோ அருகிலோ வைக்கமுடியுமா என்பதையும் பார்க்கவேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால் முடிந்தது என்றில்லை. வரிசையில் மேலே உள்ள ஒருவரிடம் மாற்றமுடியுமா என்று தொடர்ந்து மீளாய்வு செய்யவேண்டும். கியூபெக் தொடுத்த வழக்கில் 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முழுமையாக உறுதிசெய்தது.

நடைமுறையில் பிசகுவது பெரும்பாலும் இரண்டாம் படியில். பெரியம்மாவோ பாட்டியோ தயாராக இருப்பார். ஆனால் பிள்ளைக்குத் தனி அறை இல்லை, முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சிறு குற்றப்பதிவு இருக்கிறது என்று வளர்ப்பு வீட்டு உரிமப் படிவம் அவரைத் தள்ளிவிடும். ஆக, தொடக்கத்திலேயே உறவு வரைபடம் போடுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் எழுதுங்கள். அவர்களது சமூகத்தின் பிரதிநிதியை முதல் வாரத்திலேயே அழையுங்கள். எந்த ஒதுக்கீட்டு நிலம் என்று தாய்க்கே தெரியாமலும் இருக்கலாம், ஏனெனில் அவரும் எடுத்து வளர்க்கப்பட்டவராக இருப்பார். பிறக்கும் பிள்ளையை எடுக்கவேண்டிவரலாம் என்று, தாய்க்குத் தெரியாமல் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டுவந்த 'பிறப்பு எச்சரிக்கை' முறை பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2019இலும், மனிற்றோபாவிலும் ஒன்ராறியோவிலும் 2020இலும் நிறுத்தப்பட்டது. அதாவது இப்போது பணியில் இருக்கும் உங்கள் மேற்பார்வையாளர்கள் பலர் அந்த முறையில் வேலை செய்தவர்கள்.

நட்ட ஈடு கொடுத்து முடித்துவிட்டார்களே? (மிசிசாகா வாசகர்)

2007 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த தீர்வு உடன்படிக்கையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அங்கே தங்கியிருந்ததற்காகவே கிடைத்த பொதுக் கொடுப்பனவு: முதல் வருடத்துக்கு 10,000 டொலர், அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000. ஏறக்குறைய 79,000 பேருக்கு, மொத்தம் 1.6 பில்லியன். மற்றது, பாலியல் மற்றும் கடும் உடல் வன்முறைக்கான தனி விசாரணை. 38,000 அளவில் கோரிக்கைகள். 3 பில்லியனுக்குமேல் கொடுக்கப்பட்டது.

எங்கே பிழை வந்தது? வருடத்தை நிரூபிக்கப் பாடசாலைப் பதிவேடு வேண்டும். அதை வைத்திருந்த அரசே அழித்திருந்தது. 1936க்கும் 1944க்கும் இடையில் மட்டும் இந்திய விவகாரத் துறையின் 2,00,000 கோப்புகள் அழிக்கப்பட்டன. எட்டு வருடம் இருந்தவருக்கு மூன்று வருடத்துக்கே தாள் கிடைத்தது என்பதுபோன்ற நிலைமைகள் வந்தன. தனி விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை இல்லை, விசாரணையாளரே கேட்பார். அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் எந்த இடத்தில், எத்தனை தடவை என்று புள்ளி போட்டுத் தொகை தீர்க்கும் முறை, ஐம்பது வருடம் மனைவிக்கும் சொல்லாததை ஒரு பிற்பகலில் அந்நியரிடம் சொல்லவைத்தது. மறுநாள் காலை அவரோடு யார் இருந்தார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறியது. காயம் ஆற்றும் ஊர்மட்டத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த பூர்வகுடிக் குணமாக்கல் அறக்கட்டளை, 1998இல் 350 மில்லியனோடு தொடங்கியது, 2014இல் மூடப்பட்டது. எங்கள் கணிப்பில் இந்த நெடுங்கதையில் செய்யப்பட்ட வீண் சிக்கனங்களில் இது முதன்மையானது.

வெளியே விடப்பட்டவர்களும் உண்டு. பகலில் மட்டும் போய்வந்தவர்களுக்கு 2019 முதல் தனித்தனி உடன்பாடுகள் வரவேண்டியிருந்தது. நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடோர் பாடசாலைகளில் இருந்தவர்கள், 2008 ஜூன் 11இல் வதிவிடப் பாடசாலைகளுக்காக அப்போதைய பிரதமர் ஹார்ப்பர் கேட்ட மன்னிப்பிலேயே சேர்க்கப்படவில்லை. அவர்களிடம் 2017 நவம்பரில்தான் அப்போதைய பிரதமர் ட்ரூடோ போய் மன்னிப்புக் கேட்டார். எடுக்கப்பட்ட பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு, அதாவது மேலே மார்க்கம் வாசகி கேட்ட பேரப்பிள்ளைகளுக்கு, இந்தக் கணக்குகளில் தனி வரி கிடையாது.

பழைய வதிவிடப் பாடசாலைகளின் நிலத்தில் பிள்ளைகளின் கல்லறைகளைத் தரை ரேடார் காட்டியது என்றார்கள். தோண்டவில்லையே, அப்படியானால் பொய்தானே என்று உறவினர் ஒருவர் வாதாடுகிறார். (ஏஜக்ஸ் வாசகர்)

கருவி என்ன செய்கிறது என்று தெரிந்தால் வாதம் பாதியாகக் குறையும். அது வானொலி அலையை மண்ணுக்குள் அனுப்பி, திரும்பிவரும் அலையைப் பதிகிறது. நிலத்தில் கயிறு கட்டி, 25 அல்லது 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். எலும்பை அது காட்டாது. ஒருமுறை வெட்டி மூடிய மண் பக்கத்து மண்ணிலிருந்து வேறுபடுவதைத்தான் காட்டும். அந்தக் குழி நீள்சதுரமா, மற்றவற்றோடு வரிசையில் இருக்கிறதா, ஆழம் பொருந்துகிறதா என்று பார்த்து 'கல்லறையாக இருக்கக்கூடியது' என்பார்கள். மரவேர், பழைய வடிகால் குழாய் என்பவையும் ஏமாற்றும். ஈரமான களிமண்ணில் அலை ஆழம் போகாது.

2021 மேயில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் பாடசாலை நிலத்தில் இப்படியானவை 215 என்று அறிவித்தார்கள். முன்பு அகழ்வாய்வு நடந்த பகுதியைக் கழித்தபின் ஜூலையில் அதை 200 என்று திருத்தியவரும் அதே ஆய்வாளர்தான். 'மொத்தப் புதைகுழி' என்று எழுதியவை சில செய்தி நிறுவனங்கள். சஸ்காச்சுவானின் கவுவெசெஸில் சொல்லப்பட்ட 751, அடையாளக் கற்கள் இல்லாமற்போன ஒரு மயானத்தில். பெரியவர்களும் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்று அந்தச் சமூகமே அன்றே சொன்னது. தோண்டுவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குடும்பங்கள் தீர்மானிக்கவேண்டும். ஒரு பாடசாலைக்குப் பல சமூகங்களின் பிள்ளைகள் வந்ததால் அந்தத் தீர்மானம் மெதுவாகத்தான் வரும்.

உங்கள் உறவினருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இறப்புகள் ரேடாரை நம்பி நிற்கவில்லை. ஆவணங்களிலிருந்தே 4,100க்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் தேசிய நினைவுப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. இந்தப் பாடசாலைகள் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் கணக்கெடுத்தபோது, பதிவான இறப்புகளில் மூன்றில் ஒன்றுக்குப் பிள்ளையின் பெயர்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. பாதியளவுக்கு இறப்பின் காரணம் இல்லை. உடலை வீட்டுக்கு அனுப்பும் செலவை ஏற்கத் துறை பொதுவாக மறுத்ததால் பாடசாலைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

என்னோடு வேலை செய்பவரின் பாட்டி ஒரு வதிவிடப் பாடசாலையில் இருந்தவர். எந்தப் பாடசாலை, எந்த வருடம் என்று தேட உதவி கேட்கிறார். எங்கே தொடங்குவது? (பிக்கரிங் வாசகி)

வினிபெக்கில், மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய நிலையத்தில் தொடங்குங்கள். பாட்டி உயிரோடு இருந்தால் விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்திடவேண்டும். இறந்திருந்தால் இறப்பையும் உறவையும் காட்டும் தாள்களை இணைக்கவேண்டும்.

விண்ணப்பிக்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டியவை: அவர் அறியப்பட்ட எல்லாப் பெயர்களும் (திருமுழுக்குப் பெயர், வீட்டுப் பெயர், பாடசாலை கொடுத்த பெயர்), தகப்பனின் பெயர், சமூகத்தின் பெயர், பழைய ஆவணங்களில் அந்தச் சமூகம் எப்படி அழைக்கப்பட்டது, உடன்பிறந்தோர். தேடல் பெரும்பாலும் பெயரில்தான் இடறும். பிரெஞ்சுத் துறவி ஒருவிதமாகவும் ஆங்கில முகவர் இன்னொருவிதமாகவும் எழுதியிருப்பார்கள். தகப்பனின் முதற்பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகியிருக்கும். வயது ஊகம். உடன்பிறந்தவர்களைத் தேடினால் அவர்களுக்கு அடுத்த வரியில் பாட்டி அகப்படுவது உண்டு.

மிகவும் பயன்படும் தாள் காலாண்டுப் பதிவேடு. பிள்ளையின் இலக்கம், பெயர், வயது, வகுப்பு, வந்த நாட்கள் அதில் இருக்கும். ஐந்து வருடத்துக்குப்பின் அதை அழிக்கலாம் என்று ஒரு காலத்தில் விதி இருந்ததால் இடைவெளிகள் கட்டாயம் வரும். அடுத்து, ஒட்டாவாவில் நூலக ஆவணக் காப்பகத்தின் 'ஆர்ஜி 10' தொகுதி, அதாவது இந்திய விவகாரத் துறையின் பழைய கோப்புகள். பாடசாலையில் சேர்ப்பதற்கான அனுமதி விண்ணப்பங்கள் அங்கே இருக்கலாம். அதில் பெற்றோரின் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி இருப்பதைக் காணும்போது கூட யாராவது இருப்பது நல்லது. அங்கிலிக்கன், ஐக்கிய தேவாலயங்களின் காப்பகங்கள் ரொறன்ரோவில். கத்தோலிக்க சபைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இறப்பைத் தேடினால் மாகாண இறப்புப் பதிவையும் பக்கத்து மருத்துவமனை, காசநோய் நிலையம் என்பவற்றையும் பாருங்கள். கடைசி மாதங்களில் பிள்ளைகளை அங்கே மாற்றியிருப்பார்கள்.

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2027 செப்டெம்பர் 19. பாட்டி மேலே சொன்ன தனி விசாரணைக்குப் போனவராக இருந்தால், அவரே பாதுகாக்கச் சொல்லியிருந்தாலொழிய அந்த வாக்குமூலம் அன்று அழிக்கப்படும். 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது இது. பிரதி எடுக்கவா, தேசிய நிலையத்தில் வைக்கவா, அப்படியே அழியவிடவா என்பது அவர் ஒருவரின் விருப்பம். வேறு யாரும், பேத்தி உட்பட, அவரை வற்புறுத்தக்கூடாது.

அவர்கள் தங்கள் மொழியை வீட்டிலே பேசினால் போதாதா? நாங்கள் சனிக்கிழமை வகுப்பு வைக்கவில்லையா? (தமிழ் ஆசிரியை)

சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் காதில் விழுகிறது. 2021 கணக்கெடுப்பில் பூர்வகுடி மொழியொன்றில் உரையாடக்கூடியவர்கள் 2,37,420 பேர். மொழிகள் எழுபதுக்கு மேல். பல மொழிகளில் சரளமாகப் பேசுபவர்களைக் கைவிரலில் எண்ணலாம். அவர்களும் பாட்டன் பாட்டி வயதினர்.

இடையில் ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களைப் பேசா மொழியினர் என்கிறார்கள். எல்லாம் விளங்கும்; வாய் திறந்தால் வராது. சோம்பலோ வெட்கமோ இல்லை. பேசினால் அடி என்று ஏழு வயதில் பழகிய உடம்பு அது. அல்லது, என் பிள்ளைக்கு அந்த அடி வேண்டாம் என்று தாய் பேசாமல் விட்டதால் வந்தது. அவர்களிடம் புதிதாகச் சொற்பட்டியல் கொடுப்பது வீண். சொற்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. நோர்டிக் நாடுகளின் சாமி மக்களிடம் தொடங்கிய, உளவியல் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையை இப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கையாளுகிறார்கள். சிறு சிறு பேச்சாக, பிழைவிட்டால் சிரிக்காத ஒருவரோடு தொடங்கி, மெல்ல வட்டத்தைப் பெருக்குவார்கள்.

அதே மாகாணத்தில் முதற்குடிகள் கலாசாரச் சபை நடத்தும் குரு சீடர் திட்டத்தில் ஒரு மூத்தவரும் ஒரு கற்பவரும் வருடத்துக்கு 300 மணித்தியாலம் சேர்ந்திருக்கவேண்டும். வாரத்துக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம், ஆங்கிலம் இல்லாமல். மேசை போட்டு இருந்தால் பாடமாகிவிடும். அதனால் மீன் வெட்டிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு பேசுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மணித்தியால வகுப்பில் நிறங்களும் இலக்கங்களும் விலங்குகளின் பெயர்களும் வரும், பேச்சு வராது. உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மகள் நான்காம் வகுப்பு. செப்டெம்பர் 30க்குச் செம்மஞ்சள் சட்டை போட்டால் போதுமா? (விட்பி தாய்)

அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்லிப் போடுங்கள். 1973இல் வில்லியம்ஸ் லேக் அருகே ஒரு பாடசாலைக்குப் போன ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டிடம், பாட்டி வாங்கித்தந்த செம்மஞ்சள் சட்டையை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அதுவே போதும். வன்முறை விவரங்கள் இப்போது வேண்டாம். நாங்களும் பிரிக்கப்பட்டதுபோல நடித்துப் பார்ப்போம் என்று வகுப்பில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருந்தால் அதை எழுப்பிக் கேட்கவும் கூடாது. வார இறுதியில் பிரான்ட்ஃபோர்டுக்குப் போகலாம். 1831 முதல் பிள்ளைகளைத் தங்கவைத்து 1970இல் மூடிய மோஹாக் நிறுவனத்தின் கட்டடத்தை, 'கஞ்சிக் குழி' என்று பிள்ளைகள் பெயர் வைத்ததை, உட்லண்ட் கலாசார நிலையம் இடிக்கவிடாமல் காத்து வைத்திருக்கிறது.

பெற்றோர் சங்கம் ஒரு மூத்தவரைப் பேச அழைப்பதாக இருந்தால், மதிப்பூதியத்தை உறையிலிட்டு அன்றே கொடுங்கள். போகவர வாகனம் ஒழுங்குசெய்யுங்கள். பல முதற்குடிகளிடம் கேட்கும்போதே புகையிலை கொடுப்பது முறை. அவர் கையில் வாங்கினால் சம்மதம். இனுயிட் மக்களிடம் அந்த வழக்கம் இல்லை. எனவே முதலில் கேளுங்கள்.

நாங்கள் தொண்ணூறுகளில் வந்தவர்கள். இதில் எங்களுக்கு என்ன பங்கு? (பெயர் குறிப்பிடாத மூவர்)

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு செயலுக்கு விடுத்த 94 அழைப்புகளில் கடைசி இரண்டு புதிதாக வருபவர்களைப் பற்றியவை. 94ஆவதன்படி 2021 ஜூனில் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் மாற்றப்பட்டது; பூர்வகுடிகளின் உரிமைகளையும், அரசோடு செய்த உடன்படிக்கைகளால் வந்த உரிமைகளையும் ஏற்று உறுதிப்படுத்தும் அரசியலமைப்பு உட்பட, கனடாவின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று இப்போது சொல்லவேண்டும். நீங்கள் பழைய வாசகத்தைச் சொன்னவர்கள். உங்கள் வீடு எந்த உடன்படிக்கை நிலத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

என் பாட்டி அங்கே இருந்தார் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது? (அதே பிக்கரிங் வாசகி)

எங்கள் ஊரிலும் போர் நடந்தது என்று தொடங்கவேண்டாம். அது இன்னொரு நாள். பாட்டியின் பெயரைக் கேளுங்கள். அவர் சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லட்டும். தாங்கமுடியாமல் போனால் 1-866-925-4419 என்ற இலக்கத்தில், வதிவிடப் பாடசாலையில் இருந்தவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்குமான தேசிய உதவி இணைப்பு 24 மணித்தியாலமும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளும் அழைக்கலாம்.